இடத்தின் பெயரும் பொருளின் பெயரும்: இரட்டை இயங்குதளக் கணினியில் வன்தட்டின் நாமகரணம்

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் ஆண்டுகளில், எல்காட் நிறுவனத்தின் வழியாக மாணவர் கைக்கு வந்த கணினிகளில், விண்டோஸும், டெபியனை ஆதாரமாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே வன்தட்டில் அருகருகே குடியேற்றப்பட்டிருந்தன. அதனால், மேட்டூர் அணையின் நீர் தேங்கி நிற்கும் பென்னாகரம் பக்கத்து ஏரியூர் போன்ற ஊர்களில், கணினியையே முதல்முதலாகத் தொட்ட பிள்ளைகள், ஒரே தட்டுக்கு வழங்கும் இருவேறு நாமாவளிகளையும் கூடவே சந்திக்க நேர்ந்தது.

ஏரியூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் அத்தகைய கணினி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விண்டோஸில் 'சி டிரைவ்', 'டி டிரைவ்' என்று இரண்டே அறைகள் தெரிந்தன. அணைத்துத் திறந்து பாஸ் லினக்ஸுக்குள் புகுந்ததும், அதே தட்டு எஸ்டிஏ1, எஸ்டிஏ2, எஸ்டிஏ5, எஸ்டிஏ6 என்று நான்காகக் காட்சியளித்தது. "சி எங்க சார் போச்சு? மூணும் நாலும் ஏன் இல்ல?" என்றான் அந்த வீட்டுப் பிளஸ் டூ மாணவன்.

அவன் கேட்ட இரண்டு கேள்விகளும் நியாயமானவை. விண்டோஸ் 7 தன்னைத் தட்டில் பதித்துக்கொள்ளும்போது, தான் எழுந்து நிற்பதற்கு வேண்டிய கோப்புகளுக்கென்று 100 எம்பி அளவில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, அதற்கு எழுத்து எதுவும் சூட்டாமல் மறைத்து வைக்கும். மறைவு என்னும் சம்பிரதாயம் அறியாத லினக்ஸோ, தட்டில் முதலில் இருப்பது அதுவே என்பதால் அதற்கே 'எஸ்டிஏ1' என்று எண்ணிட்டுவிடும். ஆகவே சி என்பது எஸ்டிஏ2 ஆயிற்று. பழைய முறைப் பகுப்பு அட்டவணையில் நான்கு இடங்களே உண்டு; மூன்றாவதை, பிற பகுதிகளைத் தன்னுள் அடக்கும் வெறும் கூடு எடுத்துக்கொண்டது, நான்காவது காலி. கூட்டுக்குள் இருப்பவற்றுக்கு எப்போதும் ஐந்திலிருந்தே எண் தொடங்குமாதலால், டி என்பது எஸ்டிஏ5. எஸ்டிஏ6 லினக்ஸின் சொந்த வீடு. விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாததால் அது கண்ணிலேயே படவில்லை.

இதைக் கண்டு லினக்ஸ் கடினமானது என்று முடிவு கட்டுவோரின் கூற்றை நான் ஏற்பதற்கில்லை. 'சி' என்ற எழுத்தில் என்ன தெளிவு இருக்கிறது? 1974இல் கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் முறையிலிருந்து டாஸ் சுவீகரித்துக்கொண்ட வழக்கம் அது: ஏ, பி இரண்டும் நெகிழ்தட்டுகளுக்கு உரியனவாயிருந்தமையால் வன்தட்டுக்குச் சி கிடைத்தது. நெகிழ்தட்டுகள் மறைந்து வெகுகாலமாகியும் அந்த இரண்டு நாற்காலிகள் இன்றும் காலியாகவே கிடக்கின்றன. எதிர்ப்பக்கத்தின் கதையும் இதைவிடப் பெருமைக்குரியதன்று. ஐடிஈ வகைத் தட்டுகளுக்கு 'எச்டிஏ' என்றும், ஸ்கஸி வகைக்கு 'எஸ்டிஏ' என்றும் வழங்கிவந்த லினக்ஸ், 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டையும் எஸ்டி என்ற ஒரே குடும்பத்தில் சேர்த்தபோது, தட்டில் ஒரு தூசும் அசையாமலே அதன் பெயர் மாறிப்போயிற்று. அன்றியும், கடைசி எழுத்து, கண்டறியப்பட்ட வரிசையையே குறிப்பது. பென்டிரைவைச் செருகியபடியே கணினியைத் திறந்தால் சில கணினிகளில் அது எஸ்டிஏ ஆகி, நிலையான தட்டு எஸ்டிபி ஆகிவிடுவதுண்டு. இயங்குதளத்தை எழுப்பும் க்ரப் துவக்கியும் ஒரே கணக்கில் நிற்கவில்லை: பழைய க்ரப், தட்டையும் பகுதியையும் சுழியத்திலிருந்து எண்ணியது. புதிய க்ரப் தட்டைச் சுழியத்திலிருந்தும் பகுதியை ஒன்றிலிருந்தும் எண்ணுகிறது. இதற்குச் சமாதானம் சொல்லும் பொறுப்பை நான் ஏற்கப்போவதில்லை.

என் வாதம் இதுதான்: சி என்பதும் எஸ்டிஏ2 என்பதும் பெயர்களே அல்ல, ஸ்தானங்கள், இரண்டு முறைகளும் வரிசை எண்ணைப் பெயரென்று மயங்கிய ஒரே பிழையைத்தான் இருவேறு உச்சரிப்பில் செய்கின்றன. நம் பத்திர எழுத்தர்கள் இந்த மயக்கத்துக்கு ஆளாகாதவர்கள். புல எண் உட்பிரிவாகும், பழைய எண் போய்ப் புதிய எண் வரும் என்று அறிந்தே, எண்ணோடு நில்லாமல், வடக்கே இன்னார் காடு, கிழக்கே வண்டிப்பாதை என்று செக்குபந்தியையும் எழுதிவைக்கிறார்கள். எண் மாறினாலும் காடு தொலைவதில்லை.

கணினியிலும் செக்குபந்தி உண்டு. ஒவ்வொரு பகுதியையும் வடிவமைக்கும்போதே அதனுள் எழுதப்படும் யூயூஐடி என்னும் அடையாளம், லினக்ஸ் வடிவங்களில் 128 பிட் நீளமுடையது. தட்டை எந்த வாயிலில் செருகினாலும் அது மாறுவதில்லை. இணைக்க வேண்டிய பகுதிகளைப் பட்டியலிடும் லினக்ஸின் எஃப்எஸ்டேப் கோப்பில் எஸ்டிஏ6 என்று எழுதுவதை விட்டு இதை எழுதத் தொடங்கியது தக்க திருத்தமே. விண்டோஸும் திரைமறைவில் இவ்வாறே செய்கிறது: பழைய முறைத் தட்டாயின், தட்டின் கையொப்ப எண்ணையும் பகுதி தொடங்கும் தூரத்தையும் தன் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, அதற்கு எதிரே 'சி' என்று எழுதிவைக்கிறது.

ஆயினும் முப்பத்திரண்டு பதினறும எண்குறிகளை மனிதன் வாயால் சொல்ல முடியாது. ஆகவே மாணவனுக்கு முதலில் கற்பிக்க வேண்டியது, பயனர் தாமே சூட்டும் 'லேபிள்' என்ற பெயரையே என்பேன். அந்தத் திண்ணையிலேயே அதைச் சோதித்தோம். டி டிரைவுக்கு 'ஏரியூர்' என்று தமிழிலேயே பெயரிட்டான். என்டிஎஃப்எஸ் 32 எழுத்துக்குறி வரை இடம் தருவதால் தடையின்றி ஏற்றது, பாஸ் லினக்ஸிலும் அப்பெயரே தோன்றியது. லினக்ஸ் பகுதிக்கும் 'ஏரியூர்' என்று வைக்க அவன் ஆசைப்பட்டான். ஈஎக்ஸ்டி4 வடிவமோ 16 பைட்டுக்கு மேல் தருவதில்லை. நம் கண்ணுக்கு நான்கு எழுத்தாகிய ஏரியூர், கணினிக்கு ஏழு குறிகள். குறிக்கு மூன்று பைட் வீதம் 21. பதினாறோடு வெட்டினால் 'ஏரியூ' என்று நின்று, கடைசி ரகர ஒற்றில் ஒரு பைட் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவன் சற்று யோசித்து, ஒன்பதே பைட்டில் அடங்கும் 'ஊர்' என்று வைத்தான்.