யாருடைய ஒப்புதல்?

பென்னாகரம் என்று எழுதுவோர் உண்டு. பெண்ணாகரம் என்று எழுதுவோரும் உண்டு. எது சரி என்ற வழக்கைப் புலவர் பெருமக்கள் தீர்க்கட்டும். பெயரிலே பெண்ணைத் தாங்கிய அந்த வட்டாரத்திலே, பெண் எண்ணிக்கையில் குறைந்த கதையை நாம் பேசுவோம்.

2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இன்றைய தர்மபுரி மாவட்ட எல்லைக்குள், ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 826 பேர். தமிழகம் முழுமைக்கும் அதே கணக்கு 942. எங்கே போயினர் அந்தச் சிறுமியர்? பிறந்தபின் மாண்டனர் சிலர். பிறக்குமுன்பே கலைக்கப்பட்டனர் சிலர். ஒகேனக்கல்லில் காவிரி விழும் ஓசையைக் கேட்க நாடே திரண்டு வருகிறது. அதற்குப் பக்கத்திலே ஓசையின்றி நிகழ்ந்த இந்த வீழ்ச்சியைக் கேட்டவர் எத்தனை பேர்?

சட்டம் இல்லாமலா இது நடந்தது? இருந்தது, தோழர்களே, 1860 முதலே இருந்தது! வெள்ளையர் ஆட்சி இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு செய்யப்படாத கருக்கலைப்பு அனைத்தையும் குற்றம் என்றது. மூன்றாண்டுச் சிறை, கருவில் அசைவு தெரிந்தபின் என்றால் ஏழாண்டு. தன் கருவைத் தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் அதே கூண்டில் ஏற வேண்டும். அடுத்த பிரிவோ, அவள் ஒப்புதலின்றிக் கலைத்தவனுக்கு ஆயுள் தண்டனை வரை விதித்தது. ஒப்பினாள் என்றால் அவள் குற்றவாளி. ஒப்பவில்லை என்றால் குற்றத்திற்கு இரையானவள். இரண்டுக்கும் நடுவே, ஒப்பவைக்கப்பட்டவள் என்று ஒருத்தி நிற்கிறாளே, அவளுக்கு அந்த இரு பிரிவுகளிலும் தனியிடம் இல்லை!

அந்தச் சட்டத்திற்கு நாடு கொடுத்த விலை என்ன? 1964-இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழு, ஆண்டுக்கு 39 இலட்சம் கருக்கலைப்புகள் செய்யப்படுவதாக மதிப்பிட்டது. தடை, கலைப்பை நிறுத்தவில்லை. அதை இருட்டுக்குத் துரத்தியது. எருக்கங்குச்சிக்கும் பயிற்சியற்ற கைகளுக்கும் இரையாகி, சீழ் பிடித்து, காய்ச்சலில் பிதற்றியபடி வந்த பெண்களைக் கடைசியில் ஏற்றுக்கொண்டது பொதுமக்கள் வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவமனைதான். கணக்கேட்டில் அந்தச் செலவு 'சட்டத்தின் செலவு' என்று எழுதப்படவில்லை, அவ்வளவே.

1971-இல் மருத்துவமுறைக் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. 1972 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கும் வந்தது. வயது வந்த பெண்ணின் ஒப்புதல் ஒன்றே போதும் என்றது அது. நல்ல சொல்! ஆயினும் கணவன் கையெழுத்து எங்கே என்று கேட்கும் பழக்கம் மருத்துவமனைகளை விட்டுப் போகவில்லை. சட்டம் கேட்காத அத்தகைய நிபந்தனைகளை மருத்துவர் விதிக்கலாகாது என்று 2022 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. ஐம்பது ஆண்டு கழித்து!

இனி வற்புறுத்தலைப் பார்ப்போம். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு வியப்பானது. பெண் அந்தச் சோதனைக்கு உட்பட்டால், கணவனோ உறவினரோ அவளைக் கட்டாயப்படுத்தினர் என்றே நீதிமன்றம் கொள்ளவேண்டும். இல்லை என்போர் மெய்ப்பிக்க வேண்டும். மாமியார் வீட்டின் மௌனத்தைச் சட்டம் படித்த இடங்களுள் இது ஒன்று என்போம். ஆனால் சோதனை முடிந்து, கலைப்புக்காகப் படிவத்தில் கையெழுத்திடும்போதோ, அதே பெண் முழு உரிமையுடையவளாகக் கருதப்படுகிறாள்! காலையில் கட்டாயப்படுத்தப்பட்டவள் மாலையில் எப்படி விடுதலை பெற்றாள்?

அரசு சும்மா இருந்தது என்று சொல்லமாட்டோம். 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் பிறந்தது. 2001-இல் தர்மபுரிக்கும் வந்தது. தொட்டில், காப்பகம், செவிலியர், ஸ்கேன் கூடங்களின் பதிவு, சோதனை, வழக்கு என்று செலவு விரிந்தது. கொல்லாதே, கொடுத்துவிடு என்றது தொட்டில். வளர்க்கவிடு என்று அந்த வீட்டாரிடம் யார் சொல்வது? 1990-களின் பிற்பகுதியில் தர்மபுரிச் சிற்றூர்களில் கலைப்பயணக் குழுக்கள் நாடகம் நடத்தி அதைத்தான் சொல்லின. 2011-இல் 826 என்பது 913 ஆயிற்று. ஒரே காரணம் காட்டி எவரும் மார்தட்டலாகாது. மாநிலத்தின் 943-ஐ அது எட்டவுமில்லை. 2022-இலும் அம்மாவட்டத்தில் சட்டத்துக்குப் புறம்பான ஸ்கேன் நடத்திய கூட்டம் பிடிபட்டது.

பெண் விரும்பிக் கேட்கும் கலைப்பு வேறு. பிறர் விரும்பிச் சுமத்தும் கலைப்பு வேறு. முன்னதைத் தடுத்தால் எருக்கங்குச்சி திரும்பும். பின்னதைக் கண்டுகொள்ளாவிட்டால் 826 திரும்பும். இரண்டையும் பிரித்தறியக் கோடிகள் வேண்டா. உடன் வந்தோரை வெளியே நிறுத்திவிட்டு, ஒரு செவிலி அவளைத் தனியே கேட்கவேண்டும்; அதற்கு ஓர் அறையும் கால்மணி நேரமும் போதும்.

ஆனால் அவள் வாய் திறப்பாளா? 2024 ஜூலை முதல் நாள் பழைய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 312 போயிற்று, 88 வந்தது. தன் கருவைத் தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளியே என்ற 1860-ஆம் ஆண்டின் வாசகம் மட்டும் அப்படியே குடியிருக்கிறது. அந்த அறைக்குள் நுழையும் பென்னாகரத்துப் பெண்ணின் கூடவே அதுவும் நுழைகிறது.