எசமானில்லா உழைப்பும் நட்டஈடும்
புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு சட்ட வரலாற்று நோக்கு

உடப்புக் கடற்கரையிலே கரைவலை இழுக்கப்படும் காலை வேளையொன்றைக் கற்பனை செய்து பார்ப்போம். கடலில் வளைத்துப் போடப்பட்ட வலையின் இரு கயிறுகளையும் இரு வரிசை மனிதர் கரையில் நின்று இழுக்கின்றனர். அம்பாப் பாட்டின் தாளத்திற்கேற்ப அவர்தம் கால்கள் மணலில் ஊன்றிப் பின்வாங்குகின்றன. அவ்வேளை கயிறு அறுந்து ஒருவனது கை முறிந்துவிடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். அக்கை மீண்டும் கயிறு பிடிக்குமா என்பது மருத்துவர் விடை கூறவேண்டிய வினா. அக்கையை நம்பி வாழ்ந்த குடும்பத்திற்கு யார் பொறுப்பு என்பதோ சட்டம் விடை கூறவேண்டிய வினா. சட்டம் அதற்கு விடை கூறுமுன் அம்மனிதனை நோக்கி எதிர்வினா ஒன்றை எழுப்புகின்றது: "உன் எசமான் யார்?"

புத்தளக் கரையோரத்து உழைப்பாளர் பலர் இவ்வெதிர்வினாவுக்குத் தெளிவான விடை கூறவியலாத நிலையில் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். உடற்காயத்திற்கான நட்டஈட்டுச் சட்டம் இக்கரையில் எதிர்கொள்ளும் இடர்களுட் பெரும்பாலானவை இதிலிருந்தே முளைத்தவை என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமது நாட்டின் தீங்கியற் சட்டத்திற்கு அடித்தளமாயமைந்தது உரோமன் - ஒல்லாந்தச் சட்டமாகும். அச்சட்டத்தைக் கொணர்ந்தோர் புத்தளக் கரைக்குப் புதியவரல்லர். 1667ஆம் ஆண்டு தொடங்கி 1676ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் கட்டிமுடித்த கோட்டை கற்பிட்டியில் இன்றும் நிற்கின்றது. 1795இல் அக்கோட்டை பிரித்தானியர் கைக்கு மாறியது. எனினும் 1799 செப்ரெம்பர் 23ஆம் நாட் பிரகடனத்தின் மூலம், ஒல்லாந்தர் காலத்தில் நிலவிய சட்டங்களின்படியே நீதி வழங்கப்படும் எனப் பிரித்தானியர் அறிவித்தனர். கோட்டையிற் கொடி மாறியபோதும் சட்டம் மாறவில்லை.

அச்சட்டத்தின் வேர் இன்னும் தொன்மையானது. கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலே உரோமில் இயற்றப்பட்ட அக்குவிலியச் சட்டம், பிறர் உடைமைக்குத் தவறாக விளைவிக்கப்பட்ட சேதத்திற்கு ஈடு செய்விக்கும் நோக்குடையது. அடிமையும் கால்நடையும் அச்சட்டத்தின் கண்ணில் உடைமைகளே. எனவே ஓர் அடிமையின் கை முறிக்கப்பட்டால் அவனுடைய எசமான் வழக்கிட்டு ஈடு பெறலாம். சுதந்திர மனிதன் ஒருவனின் கை முறிக்கப்பட்டாலோ அச்சட்டத்தின் நேர்வழக்கு அவனுக்குக் கிடைப்பதில்லை. தன் உறுப்புகளுக்குத் தானே உடைமையாளன் என எவனையும் கருதவியலாது என்பது உரோம சட்ட அறிஞர் அல்பியன் கூறிய காரணம். பிற்காலத்தில் இவ்வழக்கை விரித்துச் சுதந்திர மனிதனுக்கும் பரிகாரம் வழங்கினர். ஒல்லாந்திலே குரோசியசு, வூட் முதலிய அறிஞர்தம் நூல்களினூடாக, உடல் நோவுக்கும் வேதனைக்கும் ஈடு கோரும் தனி வழக்கும் நிலைபெற்றது. எசமானுடையவனின் காயத்திற்கு முதலில் விலை கிடைத்தது; எசமானில்லாதவனின் காயத்திற்குப் பிந்தியே கிடைத்தது என்னும் இவ்வரலாற்று முரண் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. ஏனெனில், ஈராயிரம் ஆண்டுகளின் பின் வேறோர் உருவில் அது மீண்டும் தோன்றுவதைக் காண்போம்.

உரோமன் - ஒல்லாந்தச் சட்டத்தின்கீழ் ஈடு பெற விரும்புவோன் எதிராளியின் தவற்றை, அதாவது வேண்டுமென்றே செய்த தீங்கையோ கவலையீனத்தையோ, நிரூபித்தல் வேண்டும். காயமுற்றவனுடைய கவலையீனமும் அதிற் கலந்திருந்தால் அவனது கோரிக்கை முற்றாகவே வீழ்ந்துபடும் நிலையும் நெடுங்காலம் இருந்தது. பொறுப்பை இருவருக்கும் பகிர்ந்தளிக்கும் முறை 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தினாலேயே வந்தது. மேலும், முடியின் ஊழியர் விளைவித்த தீங்கிற்காக முடிக்கெதிராகத் தீங்கியல் வழக்கிட இயலாதிருந்தது. இத்தடை 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் வரை நீடித்தது. பிரித்தானியர் ஆட்சியில் உப்பு அரசின் தனியுரிமையாக இருந்தமையால், உப்பு விளையும் புத்தளத்திற்கு இத்தடை வெறும் ஏட்டுச் சட்டமாக இருந்திருக்கவியலாது.

தவற்றை நிரூபிக்கும் சுமை தொழிலாளியை நசுக்குவதை உலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே உணரத் தொடங்கிற்று. 1884இல் செருமனியும் 1897இல் இங்கிலாந்தும் தவற்றை வினவாது ஈடு வழங்கும் சட்டங்களை இயற்றின. இந்தியாவில் 1923இல் அத்தகைய சட்டம் எழுந்தது. இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் நிறைவேறியது. டொனமூர் அரசியலமைப்பின்கீழ் அமைந்த முதலாவது அரசாங்க சபையில் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகப் பெரி. சுந்தரம் விளங்கிய காலம் அது.

இச்சட்டத்தின் அடிப்படை எளிமையானது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தாயின், யார் தவறு என்று வினவாமலே வேலைகொள்வோர் ஈடு செலுத்தல் வேண்டும். கண், கை, விரல் என ஒவ்வோர் உறுப்பின் இழப்பும் உழைப்புத் திறனில் எத்தனை நூற்றுவீத இழப்பாகும் என்பதை அட்டவணை கூறும். சம்பளத்தை அடிப்படையாகக் கொண்டு தொகை கணிக்கப்படும். நீதிமன்றத்திற்குப் பதிலாக ஆணையாளர் ஒருவர் விசாரிப்பார். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்பதுமில்லை, வாய்மொழியும் போதும். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உச்சத் தொகையை ஐந்தரை இலட்சம் ரூபாவிலிருந்து இருபது இலட்சம் ரூபாவாக உயர்த்தியதோடு, வீட்டிலிருந்து வேலைத்தலத்திற்குச் சென்றுவரும் வழியில் நேரும் விபத்தையும் சட்டத்தினுட் கொணர்ந்தது. இவையனைத்தும் போற்றத்தக்க முன்னேற்றங்களே.

ஆயினும் இச்சட்ட மாளிகைக்கு வாயில் ஒன்றே: வேலைகொள்வோர் ஒருவர் இருத்தல் வேண்டும். தோட்டமும் துறைமுகமும் புகையிரதப் பாதையும் தொழிற்சாலையும் சட்டமியற்றியோரின் கண்முன் நின்றன. அங்கெல்லாம் பெயர்ப்பதிவேடு உண்டு, சம்பள நாளுண்டு, எசமான் உண்டு. கடற்கரை அவ்வாறன்று.

கரைவலைத் தொழிலை மீண்டும் நோக்குவோம். வலையும் தோணியும் சம்மாட்டிக்குரியவை. பிடிபட்ட மீனை விற்ற பணத்தில் வலைக்கும் தோணிக்குமுரிய பங்கு நீங்க, எஞ்சியது இழுத்தோருக்குப் பங்காகின்றது. மீன் பட்டால் பங்குண்டு, படாவிட்டால் வெறுங்கையே. இம்மனிதன் வேலையாளா, பங்காளியா? முற்பணம் கொடுத்து ஆட்களைக் கட்டிவைப்பவரும், வலை வளைக்கும் வேளையைத் தீர்மானிப்பவரும் சம்மாட்டியே என்பதை நோக்கினால், அவரை வேலைகொள்வோர் எனலாம். நட்டத்திலும் இழுப்போர் பங்குகொள்வதை நோக்கினால், அவர்களைக் கூட்டாளிகள் எனலாம். விபத்து நேர்ந்தபின் சம்மாட்டி எவ்வாதத்தை முன்வைப்பார் என்பதை ஊகிக்க ஆழ்ந்த சட்ட அறிவு வேண்டியதில்லை. இங்கிலாந்தின் 1906ஆம் ஆண்டுச் சட்டம், பங்கு பெறும் மீன்பிடிக் கப்பற் தொழிலாளரைத் தன் வரம்பிலிருந்து வெளிப்படையாகவே விலக்கியிருந்தது. ஆகவே இவ்வினா நம் கரைக்கு மட்டும் உரியதன்று. பங்குமுறை நிலவும் கடல்களுக்கெல்லாம் பொதுவானது.

உப்பளத்தின் நிலையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. சிறு உடைமையாளர் பலரின் பாத்திகளில் இன்று ஒருவரிடமும் நாளை இன்னொருவரிடமும் வேலை செய்வோர் உளர். உப்புநீர் புண்ணாக்கிய பாதமும், வெண்பரப்பின் ஒளியால் வருந்திய கண்ணும் ஒரே நாளில் நேர்ந்த விபத்துகள் அல்ல. எனவே எந்த நாளில், யாருடைய பாத்தியில் அவை நேர்ந்தன என்பதைக் காட்டுதல் அரிது. தென்னந்தோட்டங்களில் ஒப்பந்தத்திற்குத் தேங்காய் பறிப்போரும், கற்பிட்டிக் கடலில் சிலிண்டர் கட்டி மூழ்கிச் சங்கும் கடலட்டையும் எடுப்போரும் இவ்வரிசையினரே. ஆழத்திலிருந்து விரைந்து மேலெழும் சுழியோடியின் உடலில் வாயுக் குமிழிகள் தோன்றி அவனை முடமாக்கவும் வல்லன. நோய் வெளிப்படுவது கரையேறிய பின்னர் என்பதால், அது தொழிலால் வந்ததென நிறுவுதல் மேலும் கடினமாகின்றது.

இதே மாவட்டத்தில், பாலாவியில் 1970களில் அரச கூட்டுத்தாபனத்தின்கீழ் இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலையும், 2011இல் முதலாம் அலகும் 2014இல் முழுமையும் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல் மின்னிலையமும் எழுந்துள்ளன. அத்தகைய நிறுவனங்களின் நிரந்தர ஊழியருக்குச் சட்டத்தின் வாயில் திறந்தே இருக்கின்றது. மதிலுக்கு வெளியே வலை இழுப்பவனுக்கு அது ஒருக்களித்தே இருக்கின்றது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெருந்தொகையினர் இம்மாவட்டத்தில் அடைக்கலம் புகுந்தனர். நிலமும் தொழிலும் இழந்து வந்தோருட் பலர் வெங்காயத் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் நாட்கூலிகளாயினர். நாளுக்கொரு எசமானிடம் உழைப்போரின் தொகை இவ்வாறு பெருகியது.

உரோமில் எசமானுடைய அடிமையின் காயத்திற்கு ஈடு இருந்தது. எசமானில்லாச் சுதந்திரனுக்கு இல்லை. இன்று எசமானுடைய ஊழியனுக்குத் தவற்றை வினவாத ஈடு உண்டு; எசமானில்லா உழைப்பாளிக்கு அது இல்லை. முன்னர்க் குறித்த முரண் மீண்டும் தோன்றும் இடம் இதுவே.

எசமானைக் காட்டவியலாதவனுக்கு எஞ்சியிருப்பது மாவட்ட நீதிமன்றத்துத் தீங்கியல் வழக்கேயாகும். அவ்வழியிலும் தடைகள் பல. முதலாவது காலம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிடல் வேண்டும். வைத்தியசாலைக்கும் வீட்டிற்கும் இடையே அலையும் ஏழைக்கு இரண்டு ஆண்டு விரைந்து கழியும். இரண்டாவது சான்று. கண்டோர் யாவரும் அதே சம்மாட்டியின் வலையை மறுநாளும் இழுக்கவேண்டியோரே. அவருக்கெதிராகச் சாட்சிக்கூண்டில் ஏற யார் துணிவர்? மூன்றாவது வருமானக் கணிப்பு. பங்கிற்குப் பற்றுச்சீட்டில்லை, பற்றுச்சீட்டில்லாத வருமானத்தின் இழப்பை மதிப்பிடல் எங்ஙனம்?

நான்காவது மொழி. கற்பிட்டியில் 1807இல் பிறந்து, 1834இல் இலங்கைக் கசற்றியரையும் 1859இல் தமிழ் புளூட்டாக்கையும் ஆக்கிய சைமன் காசிச்செட்டி சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக அமர்ந்திருந்தார். அக்கால நீதிமன்றமும் ஆங்கிலத்திலேயே நடந்தது என்பது உண்மையே. இன்று தமிழும் சிங்களமும் நீதிமன்ற மொழிகள் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஆயினும் வடமேல் மாகாண நீதிமன்றங்களின் அலுவல்மொழி சிங்களமாகவே இருந்துவருகின்றது. தமிழில் வழக்கிடவும் மொழிபெயர்ப்புப் பெறவும் உரிமையுண்டு. எனினும் "வலித்தது" என்னும் சொல் எத்துணை வலித்தது என்பதையும் சுமந்துகொண்டு மொழிபெயர்ப்பாளரின் வாயிலாக நீதிபதியைச் சென்றடைதல் எளிதன்று. வேதனைக்கு ஈடு கோரும் வழக்கிலே இது சிறு குறையாகாது.

உயிரிழப்பு நேரின் நிலைமை யாது? இறந்தவன் ஈட்டித் தந்த பொருளின் இழப்பையே உரோமன் - ஒல்லாந்தச் சட்டம் ஈடுசெய்தது; அவனது அன்பையும் துணையையும் இழந்தமைக்கு ஈடில்லை. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் இக்குறையை நீக்க முற்பட்டது. ஆயினும் அதுவும் பிறரது தவற்றை நிறுவிய பின்னரே பயன்தரும். காற்றும் அலையும் கவிழ்த்த தோணிக்கு எவரைத் தவறாளி என்பது?

இனி, சம்மாட்டியின் பக்கத்தையும் நோக்குதல் நேர்மையாகும். காயமுற்றோனின் மருத்துவச் செலவை ஏற்றுக் குடும்பத்திற்கு அரிசி அனுப்பும் வழக்கமுடைய சம்மாட்டிமார் உளர். அவருட் பலர் தாமும் கடனில் மூழ்கியோரே. இருபது இலட்சம் ரூபாவை ஒரு வலைக்காரர்மீது சுமத்தினால் அவ்வலையே ஏலம் போகும். அதை நம்பிய ஏனையோரும் பிழைப்பிழப்பர். ஆயினும் தருமம் வேறு, உரிமை வேறு. தருமம் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. உரிமை பெறுபவரின் தேவையைப் பொறுத்தது. அரிசியைப் பெற்றவன் வழக்கிடும் வாயை இழக்கின்றான் என்பதையும் மறத்தலாகாது.

ஆகவே எசமானைத் தேடி அலைவதிற் பயனில்லை என்பதே நமது முடிவு. இடரைத் தனியொருவர் தோளிலிருந்து இறக்கிப் பலர் தோளிற் பகிர்தலே தக்க வழி. 1974இல் நடைமுறைக்கு வந்த திட்டத்தின் மூலம், விபத்திற் காயமுற்ற எவருக்கும், எசமான் யார் என்றோ தவறு யாருடையது என்றோ வினவாமல் ஈடு வழங்க நியூசிலாந்து முற்பட்டது. நம் நாட்டிலும் 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க மீனவர் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்பு நன்மைத் திட்டச் சட்டம் இத்திசையில் வைக்கப்பட்ட ஓர் அடியே. ஆனால் பங்களிப்புச் செலுத்துவோருக்கே அது பயன்படும். நாள்தோறும் மாறும் வருவாயுடையோர் தவணை தவறாது செலுத்துதல் அரிது. மீன் விற்பனையாகும் இடத்திலேயே ஒவ்வொரு வலையின் வருவாயிலிருந்தும் சிறு பங்கைக் கழித்து இழுத்தோர் பெயரில் வைப்பிலிடும் முறை ஏற்பட்டால், வலைக்கும் தோணிக்கும் பங்கு ஒதுக்கும் அதே மரபு, முறியும் கைக்கும் ஒரு பங்கு ஒதுக்கியதாகும். கடற்கரைக்கு இது அந்நியமான கணக்கன்று.

வலை பழுதானால் தைப்பதற்குப் பங்குண்டு. தோணி உடைந்தால் செப்பனிடப் பங்குண்டு. அவற்றை இழுக்கும் கை உடைந்தால் மட்டும் பங்கில்லை என்பது நீதியாகாது. தன் உறுப்புகளுக்கு மனிதன் உடைமையாளன் அல்லன் என்று பண்டைய உரோம் கூறியிருக்கலாம். அவ்வுறுப்புகளால் வாழும் சமுதாயம் அவற்றிற்குப் பொறுப்பாளி என்பதை நாமாவது கூறுதல் வேண்டும்.