கண்ணோய்ப் பெயர்களும் மருத்துவக் கல்வியும்: சிங்கப்பூர்த் தமிழரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தேர்வுக்கு ஆயத்தமாகும் மருத்துவ மாணவர் கண்ணோய்களைப் பட்டியலிட்டு மனனம் செய்வர். இவ்வழக்கம் புதியதன்று. தமிழ் மருத்துவ மரபும் கண்ணோய்களை வகைப்படுத்தி, எண்ணிட்டு, மனத்தில் பதியும் வகையில் செய்யுளாக்கித் தந்துள்ளது. அப்பட்டியலுக்கும் இன்றைய மாணவரின் பட்டியலுக்கும் இடையே உள்ள வேறுபாடு, சிங்கப்பூர்த் தமிழ் முதியோரின் பார்வையோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மரபின் பட்டியல்

சித்த மருத்துவம் கண்ணோய்களை 96 எனத் தொகுத்துரைக்கிறது. அகத்தியர், நாகமுனிவர் ஆகியோர் பெயரால் வழங்கும் நயனவிதி நூல்கள் இத்துறைக்கெனவே அமைந்தவை. இம்மரபில் பெயர்கள் தோன்றிய முறையை இரு வகையாகப் பிரித்துக் காணலாம். படலம், பூ போன்றவை மருத்துவர் நோயாளியின் கண்ணில் கண்டவற்றால் அமைந்தவை. மாலைக்கண் என்பதோ நோயாளி தம் வாயால் கூறிய குறையால் அமைந்தது. மாலைக்கண் விழித்திரையைச் சார்ந்த குறைபாடு என்பதையும், வைட்டமின் ஏ பற்றாக்குறை அதன் காரணங்களுள் ஒன்று என்பதையும் இன்று அறிவோம். விழித்திரையைக் காணாமலேயே அதன் நோய் ஒன்றற்கு நம் முன்னோர் பொருத்தமான பெயர் இட்டுள்ளனர்.

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் ஆட்சிக் காலத்தில் (1798–1832) கண்ணோயாளர் பற்றிய குறிப்புகள் வண்ண ஓவியங்களுடன் பதிவு செய்யப்பெற்றன. நோயாளியின் நிலையை ஆவணப்படுத்தும் இம்முயற்சி போற்றத்தக்கது. ஆயினும் ஓவியரால் வரைய முடிந்தது கண்ணின் முகப்பை மட்டுமே. உயிருள்ள மனிதரின் விழித்திரையை மருத்துவர் காண வழிவகுத்த கருவியை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல்தான் அறிமுகப்படுத்தினார்.

மானிப்பாயும் சிங்கப்பூரும்

இப்புதிய அறிவைத் தமிழில் கற்பிக்கும் வாய்ப்பு முன்னரே ஏற்பட்டிருந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவ வகுப்பு நடத்தினார். பின்னர் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். உடற்கூறு, அறுவை மருத்துவம் முதலிய துறைகளின் நூல்களைத் தம் மாணவருடன் இணைந்து தமிழாக்கியதோடு கலைச்சொற்களையும் தொகுத்தார். அங்கே மாணவர் கற்ற மொழியும் நோயாளி பேசிய மொழியும் ஒன்றாகவே இருந்தன.

சிங்கப்பூரின் வரலாறு வேறு. டான் ஜியாக் கிம் முதலிய சீன சமூகத் தலைவர்களின் வேண்டுகோளாலும் நன்கொடையாலும் 1905இல் 23 மாணவருடன் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. பல மொழியினர் ஒருங்கே பயிலும் நகரில் அது இயல்பானதே. ஆனால் அதன் விளைவாகத் தமிழ் மருத்துவச் சொல் இங்கு வகுப்பறைக்குள் புகவில்லை. நாளிதழ், வானொலி, மருத்துவமனைத் துண்டறிக்கை ஆகியவற்றின் வழியே மக்களிடம் வந்து சேர்ந்தது.

பெயரும் அச்சமும்

இதன் விளைவை நீரிழிவு விழித்திரை நோயில் தெளிவாகக் காணலாம். மிகுந்த சர்க்கரையால் விழித்திரையின் நுண்குருதிக் குழாய்கள் நலிந்து கசிகின்றன. நோய் முற்றும்போது வலுவற்ற புதிய குழாய்கள் முளைத்து உடைகின்றன. தொடக்கத்தில் வலியோ, சிவப்போ, மங்கலோ இராது. ஆகவே மருத்துவர் முகப்பில் காணும் குறி, நோயாளி உணரும் குறை என்னும் மரபின் இரு வழிகளுக்கும் இந்நோயின் தொடக்கநிலை எட்டவில்லை. தேக்காச் சந்தையில் கீரையைப் பார்த்துப் பொறுக்கவும் தமிழ் முரசைப் படிக்கவும் இயலும் ஒருவர் தம் கண்ணில் நோய் உள்ளது என்பதை எங்ஙனம் நம்புவார்?

சொல்லும் சிக்கலுக்கு ஒரு காரணமாகிறது. 'ரெட்டினா' என்பதன் இலத்தீன் வேர் வலையைக் குறிக்கும். தமிழ்ச்சொல் உருவம் விழும் திரையை எண்ணி அமைந்தது. அழகிய ஆக்கம் எனலாம். எனினும் திரை என்பது மறைப்பதையும் குறிக்குமாதலின், கண்ணை மூடிய ஏதோ ஒன்று, கண்புரை போல அகற்றத்தக்கது, எனப் பொருள்கொள்ள இடமுண்டு. கண்புரையை அகற்றினால் பார்வை பெரும்பாலும் மீளும். விழித்திரை நோயில் லேசர் சிகிச்சையும் ஊசி மருந்தும் பெரும்பாலும் எஞ்சியுள்ள பார்வையைக் காப்பனவே.

2007 முதல் 2009 வரை சிங்கப்பூரில் 40 வயதைக் கடந்த ஏறத்தாழ 3,400 இந்தியரிடம் நடந்த கண் ஆய்வு, நீரிழிவு உடையோருள் பத்தில் மூவர் அளவினர்க்கு விழித்திரைப் பாதிப்பு இருந்ததைக் காட்டியது. 2010இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்வழி பலதுறை மருந்தகங்களில் விழித்திரை ஒளிப்படம் எடுக்கப்பட்டு, நோய் முன்கூட்டியே கண்டறியப்படுகிறது. கருவி உண்டு, சிகிச்சையும் உண்டு. நோயாளி வந்தமர வேண்டுமாயின் அவருக்குக் காரணம் விளங்க வேண்டும்.

முடிவுரை

மானிப்பாய் முறையை இங்கு மீட்பது இயலாது, தேவையும் இல்லை. ஆயினும் தேர்வுக்குரிய பட்டியலைக் கற்கும் தமிழ் மாணவர், "கண் நன்றாகத் தெரியும்போதே உள்ளே நோய் வளரும்" என்பதைத் தமிழில் விளக்கவும் பயில வேண்டும். துண்டறிக்கைகளும் பெயரோடு நில்லாது இச்செய்தியை முதலிற் கூறுதல் நலம். நம் முன்னோர் கண்டதற்கும் கேட்டதற்கும் பெயரிட்டனர். காணாததையும் உணராததையும் மக்களுக்கு உணர்த்தும் மொழியை ஆக்குவது நம் காலத்துக் கடமை என நாம் கருதுகிறோம்.