தரங்கம்பாடி அச்சுப்பொறி: கொடையும் உரிமையும்

வளர்ந்த நாடுகள் தமக்கு மிஞ்சிய கருவிகளை ஏழை நாடுகளுக்கு வழங்குவதை மதிப்பிடத் தரங்கம்பாடியின் வரலாறு நமக்கோர் அளவுகோல்.

1706இல் இங்கு வந்த சீகன்பால்குவின் மிஷனுக்கு, லண்டனின் கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அச்சுப்பொறி ஒன்றை அனுப்பியது. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்தன. அவை அளவில் பெரியவை. காகிதத்தை மிகுதியாக விழுங்கின. ஆகவே சிறிய எழுத்துகள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. அருகிலுள்ள பொறையாற்றில் காகிதப் பட்டறையும் அமைந்தது. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சேறியது. குறைகளை உள்ளூரிலேயே தீர்க்க முடிந்ததால் அக்கொடை பயன்பட்டது.

ஆனால் பொறி சாதியைத் தகர்க்கவில்லை. அதே மிஷனின் தேவாலயத்தில் இருக்கைகள் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டன. அச்சை நம் அரசியல் கருவியாக்கியவர்கள் நம்மவர்களே: 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழையும், 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தொடங்கினர்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகைக் கடற்கரையில் நன்கொடைப் படகுகள் குவிந்தன; படகே இல்லாத தலித் கூலித் தொழிலாளர் பலர் நிவாரணப் பட்டியலுக்கு வெளியே நின்றனர்.

எனவே, சேரி நூலகத்துக்குப் பழைய கணினிகள் வரும்போதும் நாம் கேட்க வேண்டியவை மூன்று: பழுதுபார்க்கக் கற்பிக்கப்படுவோர் யார்? அறையின் சாவி யாரிடம்? பயனிழந்தபின் அக்குப்பையை அள்ளப்போவது யார்?