கல்லில் உறைந்த மை

மை தொட்டு எழுதும் நம் வட்டத்துப் பாவலர்க்கு, கல்லாகிப் போன மையொன்றின் வரலாறு உவப்பளிக்கும் என்றெண்ணி இதனை எழுதுகின்றேன்.

இங்கிலாந்தின் தென்கடற்கரையிலுள்ள லைம் ரீஜிஸ் என்னும் சிற்றூரின் பாறைச் சரிவுகளில், விரல்போல் நீண்டு ஒருமுனை கூர்த்த கற்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன. இடி விழுந்ததால் தோன்றியவை என்று நாட்டுப்புற மக்கள் அவற்றைக் கருதினர். பேயின் விரல் என்றும் அழைத்தனர். அறிஞர் இட்ட பெயர் பெலம்னைட். எறியம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது அது. உண்மையில் இவை, அழிந்தொழிந்த கணவாய்போன்ற கடலுயிர்களின் உள்ளோட்டு முனைகள். மென்னுடல் அழுகி மறைய, பெரும்பாலும் இம் முனையே எஞ்சும்.

அவ்வூர்த் தச்சர் ஒருவரின் மகள் மேரி ஆனிங் (1799–1847), புதைபடிவங்களைத் தோண்டி விற்று வாழ்ந்தவர். பள்ளிக் கல்வி சிறிதே பெற்றவர். எனினும் மீனையும் கணவாயையும் அறுத்து நோக்கி, அவற்றின் உறுப்பமைப்பைத் தாமே கற்றார். 1826-இல் அவர் கண்டெடுத்த பெலம்னைட் படிவமொன்றில் மைப்பையும், அதனுள் காய்ந்து இறுகிய மையும் இருந்தன. ஏறத்தாழ 19 கோடி ஆண்டுப் பழமை!

அவருடைய தோழி எலிசபெத் பில்பாட் அம் மையைக் கரைத்து உயிர்ப்பித்து, தாம் சேர்த்த இக்தியோசார் படிவங்களை அதனாலேயே வரைந்தார். 1833-இல் புவியியல் அறிஞர் வில்லியம் பக்லந்தின் துணைவியார்க்கு எழுதிய மடலிலும் அத்தகைய தலையோட்டு ஓவியம் ஒன்று உண்டு. இக்தியோசார்களின் வயிற்றுப் படிவங்களில் கணவாயினத்தின் கொக்கிகள் கிடைத்துள்ளன. இரையின் மை கொண்டே வேட்டையாடிய விலங்கின் தலை தீட்டப்பெற்றது என்க.

மை இத்துணைக் காலம் கெடாதது எங்ஙனம்? அதன் நிறப்பொருள் மெலனின், எளிதிற் சிதையாதது. 16 கோடி ஆண்டுகட்கு மேற்பட்ட மைப்பைகளிலும் அது எஞ்சியிருத்தலை 2012-இல் வெளிவந்த ஆய்வு வேதியியல் முறையில் மெய்ப்பித்தது.

ஆனிங் எடுத்த படிவங்களை வைத்து ஆடவர் பலர் கட்டுரை எழுதிப் புகழ் பெற்றனர். லண்டன் புவியியல் கழகத்திலோ பெண்டிர்க்கு இடமில்லை. கல்லையே எழுத வைத்த இருவர்க்கும் அக் கழகத்தின் ஏட்டில் உறுப்பினராய்ப் பெயர் பொறிக்கும் பேறு வாய்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத குறையே. சுவிட்சர்லாந்து அறிஞர் அகாசி மட்டும் இருவர் பெயரையும் தொல்மீன் இனங்கட்குச் சூட்டினார். ஆனிங் மறைந்தபின், 1848-இல் கழகத் தலைவர் டி லா பேச் தம் ஆண்டுரையில் அவரைப் போற்றினார். பெண்டிர் உறுப்பினராகக் கதவு திறந்தது 1919-இல்.