வெக்டர் பெருக்கல்

வெக்டர் பெருக்கல் அல்லது குறுக்குப் பெருக்கல்: முப்பரிமாண வெளியில் இரு வெக்டர்களைப் பெருக்கி மூன்றாவது வெக்டரைப் பெறும் முறை. விடையின் அளவு, அவ்விரண்டையும் அடுத்துள்ள பக்கங்களாகக் கொண்ட இணைகரத்தின் பரப்பு. திசை, இரண்டுக்கும் செங்குத்து. எந்தப் பக்கம் என்பதை வலக்கை விதி சொல்லும்: முதல் வெக்டரிலிருந்து இரண்டாவதை நோக்கி விரல்களை மடக்கினால் கட்டைவிரல் நிற்கும் பக்கம். வரிசை மாறினால் குறி மாறும். இணை வெக்டர்களுக்கு விடை பூச்சியம். சேர்ப்பு விதி இதற்குப் பொருந்தாது.

1773இல் லக்ராஞ்சி நான்முகிகளை ஆராய்ந்தபோதே இதன் கூறுகளை எழுதிவிட்டார். தனிப் பெருக்கலாக அதைப் பார்க்கவில்லை. 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினின் ராயல் கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்த ஹாமில்டனுக்குக் குவாட்டர்னியன் எனும் நான்கு கூறு எண்களின் பெருக்கல் விதி பிடிபட்டது. அங்கேயே பாலத்துக் கல்லில் அதைக் கீறினார். வெறும் எண்ணை விடையாகத் தரும் புள்ளிப் பெருக்கலும் குறுக்குப் பெருக்கலும் அந்த விதிக்குள் ஒட்டிப் பிறந்தவை. அவற்றைப் பிரித்தெடுத்த பெருமை அமெரிக்காவில் கிப்ஸுக்கும் இங்கிலாந்தில் ஹெவிசைடுக்கும் உரியது. கிப்ஸ் மாணவர்களுக்காக 1881இல் அச்சிடத் தொடங்கிய சிற்றேட்டின் வழியில், 1901இல் வில்சன் முழு நூல் எழுதினார். இன்றைய பாடநூல்களின் முறை அதுதான்.

மின்காந்தவியலில் இப்பெருக்கலின் பொருள் முழுமையாக விளங்குகிறது. அதற்குத் தென் தமிழ்நாட்டின் கடையநல்லூர் வானத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது. காந்த நடுக்கோடு தென்கோடி இந்தியாவை ஒட்டிச் செல்வதால், டெல்லியில் 40 பாகைக்கு மேல் தலைகவிழும் சரிவு ஊசி இங்கே ஏறக்குறைய படுத்தே கிடக்கும். அதாவது, புவிக்காந்தப் புலம் நேராக வடக்கு நோக்கியது. பகலில் அயனி மண்டலத்தில் கிழக்கு நோக்கிய மின்புலம் உருவாகிறது. இரு புலங்களும் சேர்ந்த இடத்தில், மின்னேற்றத் துகள்களாலான பிளாஸ்மா மின்புலம் × காந்தப் புலம் என்ற திசையில் நகரும்: கிழக்கு × வடக்கு = மேல். பிளாஸ்மா நொடிக்குச் சுமார் 10 முதல் 20 மீட்டர் வேகத்தில் மேலெழுந்து, பிறகு காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் இறங்குகிறது. நடுக்கோட்டின் இருபுறமும் சுமார் 15 பாகைத் தொலைவில் எலெக்ட்ரான்கள் குவிவது இதனால்தான். இரவில் மின்புலம் மேற்காகத் திரும்ப, பெருக்கலின் குறியும் மாறி, பிளாஸ்மா கீழிறங்குகிறது.

திரும்புவதற்குச் சற்று முன், பொழுது சாய்ந்ததும், கிழக்குப் புலம் சிறிது நேரம் வலுக்கும். அப்போது வேகமாக உயரும் அயனி மண்டல அடுக்கு சில நாள்களில் மட்டும் குலைந்து, செயற்கைக்கோள் சமிக்ஞைகளை நடுங்கவைக்கிறது. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இந்த வானத்தைக் கண்காணிக்கிறது.