கதியாலும் சான்றிதழும்: விறகுக்கு யார் சாட்சி?

2022ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பேர்கனில் இருந்தவர்களுக்கு மின்சாரக் கட்டணம் மறந்திருக்காது. எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் புகைபோக்கியிலும் புகை. நானும் கடையில் 40 லிட்டர் விறகுச் சாக்குகள் நாலு வாங்கி வந்து வாசலில் அடுக்கினேன். அந்த நேரம் எங்களோடு நின்ற அம்மம்மா ஒரு சாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விறகுக்கும் லேபலோ? என்ன மோனை எழுதிக் கிடக்கு?"

சாக்கில் ஒரு சின்ன மரக் குறி இருந்தது. "காட்டை அழிக்காமல் வெட்டின மரம் எண்டு சாட்சி சொல்லுது, அம்மம்மா."

"ஆர் போய்ப் பார்த்தவை?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. நான் படித்தது பொறியியல், வேலை ஐ.டி. ஆலோசனை. காட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன். இந்தக் கதை நோர்வேயில் தொடங்கி எங்கள் ஊர் வேலியில் முடிகிறது.

செம்புக்காக ஒரு வட்டம்

பள்ளிக்கூடச் சுற்றுலாவில் சிலர் றோரோஸ் நகரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1644இல் அங்கே செம்பு எடுக்கத் தொடங்கினார்கள். பாறையை உடைக்க முதலில் அதன் மேல் விறகை எரித்துச் சூடாக்க வேண்டும். தாதுவை உருக்கக் கரி வேண்டும். எல்லாவற்றுக்கும் மரம். அதனால் 1646இல் நான்காம் கிறிஸ்தியான் மன்னர் அந்தக் கொம்பனிக்கு ஒரு வட்டத்தைக் கொடுத்தார். சுரங்கத்தைச் சுற்றி ஏறத்தாழ 45 கிலோமீற்றர் ஆரை. அதற்குள் இருக்கும் காடும் ஆறும் தாதுவும் கொம்பனியின் பயன்பாட்டுக்கு. உள்ளே இருந்த விவசாயிகள் விறகும் கரியும் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். தென் சாமி மக்கள் மான் மேய்த்த நிலமும் அந்த வட்டத்துக்குள்தான் இருந்தது.

நகரத்தைச் சுற்றி மரம் இல்லாமல் போனது. பிறகு இன்னும் தூரத்தில் வெட்டினார்கள். 1977இல் அந்த நிறுவனம் மூடப்பட்டது. நகரம் 1980இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. 2010இல் அந்த வட்டத்தையும் அதில் சேர்த்தார்கள்.

அதே காலத்து ஐரோப்பாவில் சுரங்கம் இருந்த இடமெல்லாம் இதே பிரச்சினைதான். ஜேர்மனியின் சக்சனியில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபொன் கார்லோவிட்ஸ் 1713இல் காடு வளர்ப்பைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். வளர்வதற்கு மேல் வெட்டாதே என்பது அதன் சாரம். இன்று நாம் "நிலைபேறு" என்று சொல்லும் கருத்தின் வேரை அந்த நூலில் காட்டுவார்கள். ஒன்றைக் கவனியுங்கள். அவருடைய முதல் கவலை மரம் அல்ல, வெள்ளி. மரம் தீர்ந்தால் வெள்ளி உருக்க முடியாது.

எங்கள் பேர்கனுக்கு வருவோம். ஃபுளொயன் மலைக் காட்டில் ஓடி விளையாடாத பேர்கன் பிள்ளை இல்லை. ஆனால் அந்தக் காட்டின் பெரும்பகுதி மனிதர் நட்டது. பழைய படங்களில் நகரத்தைச் சுற்றிய மலைகள் மொட்டையாக நிற்கின்றன. விறகுக்கு வெட்டியும், ஆடு மேய்த்தும், பற்றைகளை எரித்தும் வந்ததன் விளைவு அது. 1868இல் நகரத்தவர்கள் சேர்ந்து ஒரு மரநடுகைச் சங்கம் தொடங்கி, கன்று கன்றாக நட்டார்கள். வெட்டிய காடு திரும்ப வரும் என்பதற்கு அந்த மலை சாட்சி. எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்கும் அதுவே சாட்சி.

குறி எப்படி வந்தது?

1980களில் வெப்பவலயக் காடுகள் அழிவதைப் பார்த்து, அந்த மரங்களை வாங்காதீர்கள் என்று ஐரோப்பாவில் இயக்கங்கள் எழுந்தன. எல்லா மரத்தையும் ஒதுக்குவதை விட, ஒழுங்காக வளர்த்த மரத்துக்குக் குறி கொடுக்கலாம் என்று சிலர் நினைத்தார்கள். 1993இல் கனடாவின் ரொறன்ரோவில் கூடி எஃப்.எஸ்.சி. என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உங்கள் வீட்டுப் பால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், அந்தக் குறி பெரும்பாலும் இருக்கும். சிறு காட்டு உரிமையாளர்கள் நிறைந்த ஐரோப்பிய நாடுகள் 1999இல் பி.இ.எஃப்.சி. என்ற இன்னொன்றைத் தொடங்கின. அதற்கு ஒரு வருடம் முந்தி, 1998இல், நோர்வேயில் காட்டு உரிமையாளர்களும் மர ஆலைகளும் சூழல் அமைப்புகளும் ஒரே மேசையில் இருந்து "உயிருள்ள காடு" என்ற தரநிலையை எழுதினார்கள். 2010இல் சூழல் அமைப்புகள் அந்த மேசையை விட்டு எழும்பிவிட்டன.

குறி இருந்தால் என்ன செய்கிறார்கள்? ஒரு மூன்றாம் ஆள், அதாவது வெட்டுகிறவனும் இல்லாமல் வாங்குகிறவனும் இல்லாமல் வேறொரு தணிக்கையாளர், காட்டுக்குப் போய்ச் சில இடங்களைத் தெரிந்தெடுத்துப் பார்ப்பார். பிறகு அந்த மரம் ஆலை, கப்பல், கடை என்று கைமாறும்போது ஒவ்வொரு கையிலும் பதிவு இருக்க வேண்டும். அம்மம்மாவின் கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான்: ஒருவர் போய்ப் பார்ப்பார், ஆனால் ஒவ்வொரு மரத்தையும் அல்ல. மிச்சத்தைக் கடதாசி சொல்லும்.

புகைபோக்கியில் பூச்சியம்

கடதாசி ஏன் இவ்வளவு முக்கியமாகியது? மரத்தை எரித்தாலும் காபனீரொட்சைட்டு வரும். ஆனால் ஐ.நா.வின் காலநிலைக் கணக்கு முறையில் அந்தக் காபனை மரம் வெட்டப்பட்ட நாட்டின் நிலக் கணக்கில் எழுதுவார்கள். எரிக்கும் நாட்டின் புகைபோக்கியில் பூச்சியம். இரண்டு தரம் எண்ணக்கூடாது என்பதற்காக வந்த விதி அது. ஆனால் வெட்டிய காடு திரும்ப வளராவிட்டால் அந்தப் பூச்சியம் பொய்.

நிலக்கரியை விடவேண்டிய மின்நிலையங்களுக்கு அந்தப் பூச்சியம் பெரிய வாய்ப்பாக இருந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த பெலட்டுகள் கப்பல் கப்பலாகக் கடல் தாண்டின. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில் விறகுக்குக் கட்டாய நிபந்தனை இருக்கவில்லை. 2018இல் திருத்தியபோது 20 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள நிலையங்களுக்குக் கொண்டுவந்தார்கள். 2023இல் அந்த எல்லை 7.5 மெகாவாட்டாகக் குறைந்தது. சட்டப்படி வெட்டினார்களா, திரும்ப வளர்கிறதா, பாதுகாக்கப்பட்ட இடமா, மண் கெடவில்லையா என்று கேட்கிறது அந்தச் சட்டம்.

இதிலே தப்பிப்போன கேள்விகளும் உண்டு. லைபீரியாவில் பால் வற்றிய ரப்பர் மரங்களை வெட்டிச் சிராய்களாக்கி ஐரோப்பாவுக்கு அனுப்பும் திட்டம் ஒன்று நடந்தது. சுவீடனின் அரச மின்சார நிறுவனமான வட்டன்ஃபால் 2010இல் அதில் பங்கு வாங்கி 2012இல் விலகியது. காகிதத்தில் நல்ல திட்டம்தான்: பழைய மரம் போகும், புதுக் கன்று வரும். ஆனால் திட்டம் நின்றபோது, மரத்தை வெட்டக் கொடுத்த சிறு விவசாயிகள் பலர் வெறும் நிலத்தோடு நின்றார்கள். ரப்பர்க் கன்று பால் தர ஏழு வருடமாவது வேண்டும். அதே மரத்தில் கரி சுட்டு விற்றவர்களுக்கு மூலப்பொருள் இல்லாமல் போனது.

ஐ.டி.க்காரனாக என்னைத் தொட்டது 2024 ஓகஸ்ட் செய்தி. பிரித்தானியாவின் பெரிய மர மின்நிலையமான டிராக்ஸ், கனடாவிலிருந்து வந்த மரத்தைப் பற்றிச் சரியான தரவு வைத்திருக்கவில்லை என்று 25 மில்லியன் பவுண் கட்ட ஒப்புக்கொண்டது. மரம் நிலைபேறற்றது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் ஒழுங்குமுறை அமைப்பு சொன்னது. பிழை தரவில். ஆனால் தரவு பிழையென்றால், காட்டைப் பார்க்காத நாங்கள் எதை வைத்து நம்புவது?

எங்கள் வேலியில் நின்ற மரம்

இனி ஊருக்குப் போவோம். சீமைக்கிளுவை என்ற மரத்தை அப்பா அம்மாவிடம் கேளுங்கள். கிளிசரியா என்றால் உடனே தெரியும். மத்திய அமெரிக்காவின் மரம். தோட்டங்களுக்கு நிழல் தர 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்தது. ஒரு கம்பை வெட்டி மண்ணில் ஊன்றினால் போதும், துளிர்க்கும். அந்தக் கம்புக்கு ஊரில் கதியால் என்று பெயர். வரிசையாகக் கதியால் போட்டால் அதுதான் வேலி. குழை ஆட்டுக்கும் வயலுக்கும், தடி அடுப்புக்கும். வேர் மண்ணுக்கு நைதரசன் தரும். வெட்ட வெட்ட வளரும்.

2005இல் இலங்கை அரசு அதைத் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. விறகு அங்கே சின்ன விடயம் அல்ல. பெரும்பாலான வீடுகள் விறகில் சமைத்தன. தேயிலைத் தொழிற்சாலைகள் கொழுந்தை உலர்த்த விறகையே நம்பி நின்றன. திருகோணமலையில் டோக்கியோ சீமெந்து நிறுவனம் 10 மெகாவாட் உயிர்த்திணிவு மின்நிலையம் கட்டியது. உமியோடு சீமைக்கிளுவைத் தடியும் அதற்கு எரிபொருள்.

தொழிற்சாலைகள் விறகு கேட்கத் தொடங்கினால் காட்டுக்குள்ளும் கோடரி போகும் என்ற பயம் வந்தது. ஐ.நா.வின் இரண்டு அமைப்புகளும் இலங்கை நிலைபேறான சக்தி அதிகார சபையும் சேர்ந்து நடத்திய ஒரு திட்டத்தின் வழியாக, இலங்கைத் தர நிர்ணய நிறுவனம் 2016இல் எஸ்.எல்.எஸ். 1551 என்ற தரநிலையை வெளியிட்டது. நிலைபேறாக உற்பத்தி செய்த விறகு எது என்று அது சொல்கிறது. விறகுக்கும் லேபலோ என்று அம்மம்மா சிரித்தபோது, அவர் பிறந்த நாட்டிலேயே அதற்கு ஒரு தரநிலை எழுதி ஆறு வருடமாகியிருந்தது.

நல்ல விடயம்தான். ஆனால் உலகத்தில் இப்படியான தரநிலை எதை எடுத்தாலும், முன்வரிசையில் ஒரு கேள்வி நிற்கும்: இந்த நிலத்தில் வெட்ட உனக்குச் சட்டப்படி உரிமை உண்டா? நோர்வேயில் இது ஒரு நிமிட வேலை. கணினியில் காணி இலக்கத்தைத் தட்டினால் உரிமையாளர் பெயர் வரும்.

எங்கள் கதை வேறு. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தபோது அம்மம்மாவும் நடந்தார். காணி உறுதி றங்குப்பெட்டியில் இருந்தது. றங்குப்பெட்டி வீட்டில் நின்றுவிட்டது. பல வருடம் கழித்துத் திரும்பியபோது கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. உறுதியின் பிரதி எடுக்க மாமா அலுவலகம் அலுவலகமாக இரண்டு வருடம் அலைந்தார். அதுவரை எல்லையை எப்படி அறிந்தார்கள் என்று கேட்டேன்.

"கதியால் நிண்டது தானே மோனை. பாட்டா போட்ட கதியால். பக்கத்து வீட்டு அண்ணையும் வந்து, ஓம், இதுதான் எல்லை எண்டு சொன்னவர்."

வெட்டாமல் விட்ட வேலி பெரிய மரங்களாகி, வரிசை மாறாமல் நின்றிருக்கிறது. உறுதி இல்லாத காலத்தில் மரமே காணிக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வருடமும் ஒரு தணிக்கையாளர் வந்திருந்தால், அதே மரத்தின் தடியைச் சான்றிதழோடு விற்க அம்மம்மாவால் முடிந்திருக்காது.

வன்னியில் அனுமதிப்பத்திரத்தோடு மட்டும் இருந்து, அதையும் இடம்பெயர்வில் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய வேலித் தடி, காட்டை அழித்து வெட்டிய மரத்தை விட எவ்வளவோ சுத்தமானது. அவர்களிடம் இல்லாதது கடதாசி. தணிக்கைச் செலவும் ஒரு சின்னக் காணிக்குத் தாங்காது. பல வீடுகள் சேர்ந்து ஒரே சான்றிதழ் எடுக்கும் குழு முறை உலகத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்களுக்கு அதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். காணிக் கடதாசி இல்லாதவருக்கு அயலவரின் சாட்சியும் எண்ணப்பட வேண்டும்.

றோரோஸ் வட்டத்துக்குள் இருந்த விவசாயியிடமும் சாமி மனிதரிடமும் யாரும் கேட்கவில்லை. லைபீரிய விவசாயியிடம் கேட்டார்கள், ஆனால் கடைசி வரை நிற்கவில்லை. சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் மொட்டை மலைதான் மிஞ்சும். ஆனால் அதை எழுதும் மேசையில் கதியால் போட்டவருக்கும் ஒரு கதிரை வேண்டும். உங்களில் யாராவது நாளைக்குச் சூழலியலோ, சட்டமோ, தரவு வேலையோ படித்தால், அந்த மேசைக்குப் போகப்போவது நீங்கள்தான். அப்போது அம்மம்மாவின் கேள்வியையும் கொண்டு போங்கள்: ஆர் போய்ப் பார்த்தவை?

இந்தக் கிழமை ஒரு சின்ன வேலை. வீட்டிலிருக்கும் மூத்தவர்களிடம், உங்கள் காணி வேலியில் என்ன மரம் நின்றது என்று கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள்.